ஒளியின் நாட்காட்டி – 9: இரவை அளந்த கை

சென்ற வாரம் புகையிலையில் நிறுத்தினோம். வாஷிங்டன் நகரத்துக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் அக்கரையில் இருந்த ஆர்லிங்டன் பண்ணையில், கோடை முழுவதும் வளர்ந்துகொண்டே போய்ப் பூக்க மறுத்த ‘மேரிலாந்து மாமத்’ புகையிலையைக் கார்னர், அலார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டுக் கொட்டிலுக்குள் வைத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் வெளியே எடுத்தார்கள். பகல் குறுகியதும் செடி பூத்தது.

1920இல் அவர்களது கட்டுரை வெளிவந்தது. ஒளிக்காலத்துவம் என்ற பாடம் அன்று பிறந்தது. குறும்பகல் தாவரம், நெடும்பகல் தாவரம் என்று உலகத்துப் பயிர்களை எல்லாம் பிரித்து அடுக்கத் தொடங்கினார்கள். நெல் குறும்பகல் வரிசையில் போய் நின்றது.

செடி பகலை அளக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். எதைக்கொண்டு அளக்கிறது என்று கேட்டபோதுதான் சண்டை மூண்டது. அந்தச் சண்டை நாற்பது ஆண்டு நீடித்து 1960 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் லோங் ஐலண்ட் கடற்கரையில் நடந்த ஒரு மாநாட்டில் உச்சத்துக்கு வந்தது. அங்கே போகுமுன் நமது வயலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

◆

கந்தளாயின் ஒரு மணி நேரம்

கந்தளாய்க் குளத்தைக் கட்டியவர் யார்? சூளவம்சம் இரண்டாம் அக்போவைச் சொல்லும். கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனைச் சொல்லும். அந்த வழக்கு இன்று நமக்கு வேண்டாம். குளத்து நீர் வாய்க்கால் வழியே கந்தளாய் வயல்களையும் தம்பலகாமத்து வயல்களையும் நனைக்கிறது. அந்த வயல்களுக்கு மேலே உள்ள வானத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கார்னரும் அலார்டும் வேலை செய்த இடத்தில் கோடைப் பகல் பதினைந்து மணி நேரத்தை நெருங்கும். மாரிப் பகல் ஒன்பதரை மணியில் முடிந்துவிடும். ஐந்தரை மணி வித்தியாசம். அதை ஒரு செடி கண்டுகொண்டால் பெரிய அதிசயம் இல்லை.

கந்தளாய் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குச் சற்று மேலே. ஆனி மாதத்து மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 36 நிமிடம். மார்கழியின் மிகக் குறுகிய பகல் 11 மணி 38 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதுவும் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது: சராசரியாக நாளொன்றுக்கு இருபது விநாடி.

நமக்குத் தெரியாது. நெல்லுக்குத் தெரியும்.

மாவீ போன்ற ஐந்து ஆறு மாதத்துப் பழைய நெல்லினங்கள் பெரும்போகத்துக்கு மட்டுமே உரியவை. முந்தி விதைத்தாலும் சில வாரம் பிந்தி விதைத்தாலும் அவை குடலை தள்ளும் காலம் ஏறத்தாழ ஒன்றே. விதைப்பு பிந்தியதற்காகக் கதிர் பிந்துவதில்லை. பயிரின் வயதுதான் குறையும். அதே நெல்லைச் சித்திரையில் சிறுபோகத்துக்கு விதைத்துப் பாருங்கள். நீரும் பசளையும் எவ்வளவு கொடுத்தாலும் இலை விடும், மட்டம் வெடிக்கும். பகல் குறுகும்வரை கதிர் தள்ளாது. சிறுபோகத்துக்கென்று பச்சைப்பெருமாள், சீனட்டி போன்ற குறுவயது நெல்லை நம்மவர்கள் தனியாக வைத்திருந்ததன் காரணம் இதுதான். நாற்பது ஆண்டுச் சண்டையின் மூலப்பொருள் அவர்களது விதைக் கூடைக்குள் இரண்டு வகையாகப் பிரிந்து கிடந்தது.

இதைவிடக் கூர்மையான கணக்கு மலாக்காவில் இருந்து வந்தது. அங்கே நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் இடையில் வெறும் 14 நிமிடந்தான் வித்தியாசம். ‘சியாம் 29’ என்ற நெல்லை ஜனவரியில் விதைத்தால் பூக்க 329 நாள் எடுத்தது. செப்டெம்பரில் விதைத்தால் 161 நாள் போதும். டோர் என்ற ஆய்வாளர் 1959இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்.

பதினாலு நிமிடத்தை அளக்கும் கருவி ஒன்று அந்த நெல்லின் தாளுக்குள் இருக்கிறது. எங்கே?

◆

அளவு மாறியது

முதல் திருப்பம் 1938இல். சிக்காகோவில் கார்ல் ஹாம்னரும் ஜேம்ஸ் பொனரும் மருளூமத்தையை வைத்துச் சோதித்தார்கள். நமது ஊரிலும் வேலியோரத்தில் வளர்ந்து, முள்ளுக்காயை உடுப்பில் ஒட்டவைக்கும் அதே செடிதான். குறும்பகல் தாவரம், ஒரேயொரு நீண்ட இரவு கிடைத்தாலே பூத்துவிடும் அளவுக்கு உணர்ச்சி கூடியது.

பகலின் நடுவே சற்று நேரம் இருட்டாக்கினார்கள். செடி பொருட்படுத்தவில்லை. இரவின் நடுவே சில நிமிடம் விளக்கேற்றினார்கள். பூ நின்றுபோனது.

அப்படியென்றால் கார்னரும் அலார்டும் வைத்த பெயரே பிழையான பக்கத்தில் நின்றது. செடி அளப்பது பகலை அல்ல, இடையறாத இரவை. மருளூமத்தைக்கு ஏறத்தாழ எட்டரை மணி நேரம் தொடர்ந்த இருட்டு வேண்டும்.

ஹாம்னர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மீண்டும் மீண்டும் வருகிறார். இரண்டாம் தடவை வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு ஆயுதம் கொண்டு வருகிறார்.

◆

நிலவறையில் ஒரு சிவப்பு விளக்கு

இப்போது சற்றுப் பின்னே, ஜேர்மனிக்குப் போவோம்.

புளியமரம் இரவில் இலை மடிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். போஞ்சிச் செடியும் அப்படித்தான்: பகலில் இலை நிமிரும், இரவில் தொங்கும். இருட்டறைக்குள் வைத்தாலும் அந்த அசைவு சில நாள் தொடரும். ஹம்பர்க்கில் ரோஸ் ஸ்டொப்பல் என்ற பெண் விஞ்ஞானி அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரைக் குழப்பியது ஒரே விடயம். ஒளியும் இல்லை, வெப்பமும் மாறவில்லை. ஆனாலும் அவரது போஞ்சி இலைகள் நாள்தோறும் அதிகாலை மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்தான் மிகத் தாழத் தொங்கின. உள்ளே அடைபட்ட செடிக்கு வெளியுலகின் மணி எப்படித் தெரிகிறது? கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று, காற்றில் உள்ள மின்னேற்றம் போல, சுவரைக் கடந்து வந்து செடிக்கு நேரம் சொல்கிறது என்று அவர் எண்ணினார்.

1920களின் கடைசியில் பிராங்க்போர்ட் நகரில் எர்வின் பியூனிங், குர்ட் ஸ்டேர்ன் என்ற இரு இளைஞர்கள் அந்த ‘ஏதோவொன்றை’த் தேடப் புறப்பட்டார்கள். ஸ்டொப்பலையே அழைத்து வந்து சேர்ந்து வேலை செய்தார்கள். பிறகு சோதனையை ஸ்டேர்னின் வீட்டில் உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறைக்கு மாற்றினார்கள்.

நிலவறையில் இலைகள் வேறு நேரத்தில் தொங்கின. அதிகாலைக்குப் பதிலாக முற்பகல் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்.

என்ன மாறியது? ஆய்வுகூடத்தில் செடிக்கு நீரூற்றப் போவது காலையில். நிலவறை தொலைவு என்பதால் அங்கே போவது பின்னேரத்தில். இருட்டில் தடம் பார்க்க ஒரு மங்கிய சிவப்பு விளக்கைக் கொண்டு போனார்கள். சிவப்பு ஒளி செடியை ஒன்றும் செய்யாது என்பது அக்காலத்துப் பாடநூல் வாக்கு. அதை ஐயப்படவே யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சிவப்பு விளக்குத்தான் போஞ்சிக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது.

விளக்கையும் அகற்றினார்கள். அசைவு நிற்கவில்லை. ஆனால் 24 மணிக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு விலகி, ஏறத்தாழ 25.4 மணிக்கு ஒருமுறை என்று ஓடத் தொடங்கியது. உலகத்தின் நாளோடு ஒட்டாத ஒரு நாள். வெளியிலிருந்து யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்று பியூனிங் முடிவு செய்தார். செடிக்குள் மணிக்கூடு இருக்கிறது. ஒளி அதன் முள்ளைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவே.

1936இல் அவர் இன்னும் ஓரடி எடுத்துவைத்தார். அந்த மணிக்கூட்டின் ஒரு சுற்றில் பாதி ஒளியை விரும்பும், மறுபாதி இருளை விரும்பும். இருளை விரும்பும் பாதியில் ஒளி விழுந்தால் குறும்பகல் தாவரம் பூக்காது. நெடும்பகல் தாவரம் பூக்கும். பருவத்தை அறிவதும் பொழுதை அறிவதும் ஒரே கருவியின் வேலை என்பது அவரது கருத்து.

அன்று அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. செடிக்குள் மணிக்கூடு என்றால் ஏதோ மந்திரக் கதை போலப் பலருக்குப் பட்டது.

(தமிழ்நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர் எம். கே. சந்திரசேகரன். பியூனிங் பின்னாளில் பணியாற்றிய டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவிட்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் வந்து அமர்ந்தவர். 2006இல் பியூனிங்கின் நூற்றாண்டுக்கு நினைவுக் கட்டுரையும் எழுதினார். மதுரையில் வௌவால் குகைக்குள் அவர் நடத்திய சோதனைகளுக்குத் தனியே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன்.)

◆

பெல்ட்ஸ்வில்லின் நிறப்பொருள்

மறுகட்சிக்கு வருவோம். மேரிலாந்து, பெல்ட்ஸ்வில். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம். அங்கே ஹாரி போர்த்விக் ஒரு தாவரவியலாளர்; ஸ்டேர்லிங் ஹென்ட்ரிக்ஸ் ஒரு இரசாயனவியலாளர். ஹென்ட்ரிக்ஸ் மலையேறியும்கூட: 1942இல் அலாஸ்காவின் டெனாலி சிகரத்தில் ஏறிய குழுவில் ஒருவர். பிடித்ததை விடாத மனிதர்.

1952இல் அவர்கள் சலாது விதையில் ஒரு விந்தையைக் கண்டார்கள். சிவப்பு ஒளி காட்டினால் விதை முளைக்கிறது. சிவப்புக்கும் அப்பால், நமது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் தொலைச்சிவப்பு ஒளியைக் காட்டினால் முளைப்பது நின்றுவிடுகிறது. மாறி மாறி எத்தனை தடவை காட்டினாலும், கடைசியாகக் காட்டிய ஒளி எதுவோ அதற்கே விதை கட்டுப்படுகிறது. நள்ளிரவில் விளக்கேற்றி மருளூமத்தையின் பூவை நிறுத்துவதும் இதே சிவப்புத்தான். அதைத் திருப்பி எடுப்பதும் இதே தொலைச்சிவப்புத்தான்.

ஒரே பொருள், இரண்டு வடிவம். ஒளி அதை அங்கும் இங்கும் புரட்டுகிறது என்றார்கள். கையில் பிடித்துக் காட்டாத பொருளை நம்பாதவர்கள் அதைக் கற்பனை நிறப்பொருள் என்று கேலி செய்தார்கள். 1959இல் வாரன் பட்லரும் கார்ல் நொரிஸும் தாங்கள் அமைத்த ஒளியளவுக் கருவியில், இருட்டில் முளைத்த சோள நாற்றுகளை வைத்து அந்தப் பொருளைக் காட்டினார்கள். கேலி அடங்கியது. அதற்குப் பைற்றோகுரோம் என்று பெயர் விழுந்தது.

நிலவறையில் பியூனிங்கின் போஞ்சி கண்ட சிவப்பு விளக்கை இப்போது நினைத்துப் பாருங்கள். ஒன்றும் செய்யாது என்று பாடநூல் சொன்ன அந்த ஒளியைத்தான் செடி எல்லாவற்றையும்விடக் கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் ஹென்ட்ரிக்ஸுக்கு ஓர் அழகான யோசனை வந்தது. பகல் முடியும்போது பைற்றோகுரோம் ஒரு வடிவில் நிறைந்திருக்கும். இருட்டியதும் அது மெல்ல மெல்ல மற்ற வடிவுக்குத் திரும்பும். முழுக்கத் திரும்ப எடுக்கும் நேரமே இரவின் அளவு. போதிய அளவு திரும்பிவிட்டால் பூ. நடுவில் ஒளி பட்டால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

நமது முன்னோரின் நாழிகை வட்டில் இப்படித்தான் வேலை செய்தது. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவார்கள். நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. பிறகு அதை எடுத்துக் கவிழ்த்து மீண்டும் மிதக்க விட ஒரு கை வேண்டும். ஹென்ட்ரிக்ஸின் செடியில் அந்தக் கை விடியற்கால ஒளி.

மணிக்கூடு வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஒரு நிறப்பொருளும் ஒரு இரசாயன மாற்றமும் போதும். இரசாயனவியலாளருக்கு இதைவிட இனிப்பான விடை கிடையாது.

◆

நந்தா எண்ணிய பூக்கள்

வட்டிலா, மணிக்கூடா? இதைத் தீர்த்துவைக்கும் சோதனை ஒன்று வேண்டும். அதைச் செய்த இருவரில் ஒருவர் இந்தியர் என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம். கே. கே. நந்தா; பின்னாளில் சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். மற்றவர் அதே கார்ல் ஹாம்னர், இப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில்.

செடி, ‘பிலொக்சி’ என்ற சோயா அவரை. குறும்பகல் வகை.

யோசனை எளிது. ஒவ்வொரு தொகுதிச் செடிக்கும் எட்டு மணி நேரம் ஒளி. அதற்குப் பிறகு வரும் இரவை மட்டும் ஒவ்வொரு தொகுதிக்கும் வேறு வேறாக நீட்டுவது. 16 மணி இரவு, 28 மணி இரவு, 40 மணி இரவு, 52, 64 என்று. இயற்கையில் எங்கும் இல்லாத இரவுகள். ஒளியும் இருளும் சேர்ந்த ஒரு சுற்றை ஏழு தடவை கொடுத்துவிட்டு, எத்தனை பூ அரும்புகிறது என்று எண்ண வேண்டும்.

வட்டில் கட்சி சரியென்றால் என்ன நடக்கும்? போதிய இருட்டுக் கிடைத்ததும் கிண்ணம் மூழ்கிவிடும். அதன்பிறகு இரவு எவ்வளவு நீண்டாலும் செடிக்கு ஒன்றுதான். 16 மணி இரவில் பூத்த செடி 28 மணி இரவிலும் 40 மணி இரவிலும் பூக்க வேண்டும்.

நடந்தது வேறு.

சுற்று மொத்தம் 24 மணியாக இருந்தபோது செடி நிறையப் பூத்தது. 36 மணியாக நீட்டியபோது பூ அநேகமாக இல்லை. இருட்டு முன்னையதைவிடப் பன்னிரண்டு மணி நேரம் கூடுதல், ஆனாலும் இல்லை. 48 மணிச் சுற்றில் பூ மறுபடி ஏறியது. 60இல் விழுந்தது. 72இல் எழுந்தது.

வரைபடத்தில் போட்டால் அலை. 24 மணிக்கு ஒரு முடி, 24 மணிக்கு ஒரு முடி.

மூழ்கிய கிண்ணம் தானாக எழுந்து மிதக்காது. எடுத்து வைக்க ஒளியின் கை இல்லாத அந்த நெடிய இருட்டில், எழுவதும் விழுவதுமாக ஏதோவொன்று தானே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. விடிவது எந்த நேரத்தில் என்பதைப் பார்த்து அது பூவை அனுமதித்தது, அல்லது மறுத்தது.

கட்டுரை 1958இல் வெளியானது. இன்றைக்கும் ஒரு பூச்சியோ சிலந்திப்பேனோ பருவத்தை எப்படி அறிகிறது என்று ஆராய்பவர்கள் முதலில் செய்யும் சோதனைக்கு ‘நந்தா–ஹாம்னர் முறை’ என்றே பெயர். கார்னர், அலார்ட் பெயர்களைச் சோதனைக்காகப் பாடமாக்கிய நமக்கு நந்தாவைப் பற்றி யாரும் ஒரு வரி சொல்லித் தரவில்லை. என் மட்டில், இந்த நாற்பது ஆண்டுக் கதையின் மிகச் சிறந்த சோதனை இதுதான். பைற்றோகுரோமைக் கண்டுபிடித்ததைவிடவும்.

ஹாம்னரையும் மெச்ச வேண்டும். இரவின் நீளமே எல்லாம் என்று 1938இல் காட்டி, வட்டில் கட்சிக்கு அத்திவாரம் போட்டவர் அவர். இருபது ஆண்டுக்குப் பிறகு அதே கையால் அந்த அத்திவாரத்தைக் கிளறினார்.

◆

1960 ஜூன், லோங் ஐலண்ட்

ஒளியையும் உயிரையும் பற்றிப் பேச அப்போது ஏற்கெனவே ஒரு சபை இருந்தது. சர்வதேச ஒளியுயிரியல் மாநாடு 1954இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1957இல் டூரினில் கூடி, 1960இல் கோபன்ஹேகனுக்கு வந்தது. தோல் காசநோயை ஒளியால் குணமாக்கி 1903இல் நோபல் பரிசு வாங்கிய நீல்ஸ் ஃபின்சனின் நகரம் அது. தோல் வைத்தியர்கள், ஒளித்தொகுப்பை அளக்கும் பௌதிகவியலாளர்கள், கண்ணை ஆராய்பவர்கள் எல்லோரும் அங்கே போவார்கள். ஒளி எந்தப் பொருளைத் தொடுகிறது என்பதே அவர்களது கேள்வி.

நேரம் என்பது யாருடைய பாடம்? யாருடையதும் இல்லை. தேனீக்காரர் ஒரு மூலையில், போஞ்சிக்காரர் ஒரு மூலையில், பறவைக்காரர் இன்னொரு மூலையில்.

அவர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது நியூயோர்க்கை அடுத்த கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடம். 1933இல் தொடங்கி அங்கே கோடைதோறும் ஒரு பொருளை எடுத்துக் கருத்தரங்கு நடத்துவது வழக்கம். 1960இல் எடுத்த பொருள்: உயிரியல் மணிக்கூடுகள். பிரின்ஸ்டனில் இருந்து கொலின் பிட்டென்ட்ரி வந்தார். வெப்பம் மாறினாலும் பழ ஈயின் மணிக்கூடு பிசகுவதில்லை என்று 1954இல் காட்டியவர். ஜேர்மனியில் இருந்து யூர்கன் ஆஷோஃப் வந்தார். தொடக்க உரை ஆற்றும் பெருமை பியூனிங்குக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 54 வயது. நிலவறைக்குப் பிறகு மூன்று தசாப்தம். 1936இல் சொன்னதைக் கேட்க இப்போதுதான் ஒரு மண்டபம் நிறைந்திருக்கிறது.

ஒளிக்காலத்துவத்தின் முறை வந்தது.

ஹென்ட்ரிக்ஸ் தமது கட்சியை முன்வைத்தார்: பைற்றோகுரோம் மாறும் வேகமே ஒளிக்காலத்துவத்தைத் தீர்மானிக்கும் இன்றியமையாத காரணி. பியூனிங் தமது கட்சியை முன்வைத்தார்: நாட்சுற்று மணிக்கூடே அளவுகோல். மாநாட்டின் தொகுதி, இருபத்தைந்தாவது தொகுதி, அச்சாகி வந்தபோது ஹென்ட்ரிக்ஸின் கட்டுரை 248ஆம் பக்கத்தில் முடிகிறது. பியூனிங்கின் கட்டுரை 249ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒரே தாளைப் புரட்டினால் இரண்டு உலகம்.

சில பக்கம் தள்ளி ஹாம்னர் வருகிறார், சோயா அவரையின் அலையோடு.

பிட்டென்ட்ரியின் ஈயையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இரசாயன மாற்றம் வெப்பத்தில் விரையும், குளிரில் தயங்கும். வட்டில்தான் அளவுகோல் என்றால் புழுக்கமான இரவில் ஓர் அளவு, மார்கழிக் குளிரில் வேறோர் அளவு என்று வரும். நாளுக்கு இருபது விநாடியில் நகரும் பகலை அப்படிப்பட்ட கருவியால் பிடிக்க முடியாது. கந்தளாய் நெல்லும் மலாக்கா நெல்லும் அந்த மண்டபத்தில் இல்லை. இருந்திருந்தால் அவை பியூனிங் பக்கமே சாட்சி சொல்லியிருக்கும்.

ஹென்ட்ரிக்ஸ் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஒளியை வாங்கும் கண் அவர் பிடித்த பைற்றோகுரோமே. அதில் இன்றுவரை மாற்றமில்லை. அந்தக் கண்ணே மணிக்கூடும் என்று நினைத்ததில்தான் கோளாறு. கண் ஒன்று, மணிக்கூடு வேறு. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று 1960இல் யாராலும் சொல்ல முடியவில்லை.

◆

காத்திராதவர்கள்

விடைக்காகப் பயிர் வளர்ப்பவர்கள் காத்திருக்கவில்லை. அதே 1960இல் பிலிப்பைன்ஸின் லொஸ் பாஞ்ஞோஸில் சர்வதேச நெல் ஆய்வு நிறுவனம் உருவானது. அவர்களது நோக்கத்தில் ஒளியின் கட்டளையை மீறும் நெல்லும் இருந்தது. 1966இல் வெளியிட்ட ஐஆர்8 அப்படிப்பட்டது: எந்த மாதம் விதைத்தாலும் ஏறத்தாழ அதே வயதில் பூக்கும்.

நமது பத்தலகொட நெல் ஆய்வு நிலையத்திலும் அந்த வழியே பின்பற்றப்பட்டது. பிஜி என்று தொடங்கும் நெல்லின் இலக்கத்தைப் பார்த்தே இன்று கமக்காரர் வயதைச் சொல்வார். 300 வரிசை மூன்று மாதம், 350 வரிசை மூன்றரை மாதம், 400 வரிசை நாலு மாதம். ஒளியைப் பார்த்துப் பூக்கும் நெல்லுக்கு இப்படி ஓர் இலக்கம் போட முடியாது. அதன் வயது விதைக்கும் நாளைப் பொறுத்தது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சிறுபோகத்துக்கு நாள் குறிக்கலாம் என்ற வசதி இதனால் வந்தது. நெல்லின் கண்ணைக் கட்டித்தான் அந்த வசதியை வாங்கினோம்.

◆

எழுந்து நின்ற ஒருவர்

மண்டபத்துக்குத் திரும்புவோம். மணிக்கூடு உள்ளே இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபட்டுவிட்டார்கள். ஒருவர் ஒன்றுபடவில்லை.

ஃபிராங்க் பிரவுன், நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம். நியூ ஹேவன் கடற்கரையில் பிடித்த சிப்பிகளை உள்நாட்டில் உள்ள எவன்ஸ்டன் நகரத்துக்குக் கொண்டுபோய் இருட்டுத் தொட்டியில் வைத்தவர். முதலில் அவை நியூ ஹேவன் வற்றுப்பெருக்குக்கு ஏற்பவே வாய் திறந்தன. இரண்டு வாரத்தில் நேரம் மாறிவிட்டது. எவன்ஸ்டனில் கடல் இருந்தால் எப்போது பெருக்கு வருமோ அந்த நேரத்துக்கு, அதாவது அங்கே நிலா உச்சிக்கு வரும் நேரத்துக்கு, சிப்பிகள் திறந்தன என்று அவர் எழுதினார்.

அவரது வாதம் இதுதான்: இருட்டறை, நிலையான வெப்பம் என்று நீங்கள் அடைத்து வைத்தாலும் பூமி சுற்றுவதை அடைக்க முடியுமா? காந்தப்புலம், காற்றழுத்தம், இன்னும் நாம் அளக்காதவை எல்லாம் 24 மணிக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. செடி அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சுருங்கச் சொன்னால், ரோஸ் ஸ்டொப்பலின் ‘ஏதோவொன்று’ மறுபடி வாசலில் வந்து நின்றது. பியூனிங்கின் 25.4 மணி அதற்குப் போதிய மறுப்பு என்று பலர் நினைத்தார்கள். பிரவுன் நினைக்கவில்லை. பூமியில் எந்த ஆய்வுகூடத்திலும் அவரைத் தீர்க்கமாக மறுக்க வழியில்லை. ஏனென்றால் எல்லா ஆய்வுகூடமும் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது.

ஒரேயோர் இடத்தைத் தவிர.

தென்முனையில் சூரியன் நாள்தோறும் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. அங்கே பூமியின் அச்சின்மேல் ஒரு சுழல்மேடையை வைத்து, பூமி சுற்றும் திசைக்கு எதிராக நாளுக்கு ஒரு சுற்று சுழற்றினால், அதன்மேல் இருக்கும் செடிக்குப் பூமி சுற்றுவதே நின்றுபோகும். 24 மணி என்ற தகவல் வெளியிலிருந்து வருவதாக இருந்தால் அங்கே அறுந்துவிட வேண்டும்.

ஹாம்னர் அதைச் செய்யத் துணிந்தார். மாநாடு முடிந்த ஆறேழு மாதத்துக்குள், 1960–61 தென்கோளக் கோடையில், ஆய்வுக் குழு அந்தார்டிக்காவுக்குப் புறப்பட்டது. பெட்டிகளில் போஞ்சிச் செடிகள், பழ ஈக்கள், கரப்பான்கள், வெள்ளெலிகள், பூஞ்சணம். குழுவில் மறுபடியும் ஓர் இந்தியர்: கிரிராஜ் சிங் சிரோஹி. அந்தக் கண்டத்தில் ஒரு முனைக்கு இன்று ‘சிரோஹி முனை’ என்று பெயர்.

சுழல்மேடை சுழலத் தொடங்கியது. பூமி நின்றுவிட்ட அந்த மேடையில், போஞ்சி இலை மடிந்ததா, இல்லையா?

(அடுத்த வாரம்)